போட்டோவில் வினைச்சொல் கிடையாது

ஒரு படத்தைப் பார்த்து அதில் என்ன தெரிகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. "போட்டோவப் பாத்துப் பேசறதுக்கா சார் இவ்வளவு ஃபீஸ்?" என்று ஒரு மாணவரின் அப்பா நேராகவே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களில் பலருக்கு இது தப்ப முடியாத பாடமாகிவிட்டது. டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வில் திரையில் ஒரு போட்டோ வரும். யோசிக்க 20 விநாடி, பேச ஒன்றரை நிமிடம் வரை. பார்த்து எழுத வேண்டிய போட்டோக்கள் தனி, அவற்றுக்குத் தலா ஒரு நிமிடம். பி.டி.இ. என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வில் 25 விநாடி பார்த்துவிட்டு 40 விநாடி பேச வேண்டும். அங்கே பெரும்பாலும் வரைபடமும் அட்டவணையும்தான், நடுவில் போட்டோவும் வந்து நிற்கும். கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து படத்தை நீட்டுவார். திருச்சி தில்லை நகரில் நான் வேலை பார்க்கும் பயிற்சி மையத்தில் இதற்கென்றே மாலையில் ஒரு வகுப்பு நடக்கிறது.

நம் பிள்ளைகளுக்குப் பெயர்ச்சொல் பஞ்சம் கிடையாது. மரம், நாய், குடை, பெஞ்சு எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது. எது எங்கே இருக்கிறது என்று சொல்வதில்தான் முதல் தடுமாற்றம். "பேக் சைடு ஒன் ட்ரீ இஸ் தேர்" என்பார்கள். பின்னால் இருப்பது 'இன் தி பேக்கிரவுண்டு', முன்னால் இருப்பது 'இன் தி ஃபோர்கிரவுண்டு', மூலையில் இருந்தால் 'இன் தி டாப் ரைட்-ஹேண்ட் கார்னர்' என்று பழக்க வேண்டும். அடுத்தது காலம். போட்டோவில் உறைந்து நிற்பதை எல்லாம் இப்போது நடந்துகொண்டிருப்பதாகச் சொல்வதுதான் ஆங்கில வழக்கம். "ஹி வேர்ஸ் எ ரெட் ஷர்ட்" என்று சொன்னால் வாரம் ஏழு நாளும் சிவப்புச் சட்டையிலேயே அலைகிற ஆள் என்று ஆகிவிடும். 'இஸ் வேரிங்', 'இஸ் ஹோல்டிங்', 'இஸ் லீனிங் அகெய்ன்ஸ்ட்' என்று வர வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்ததும் உற்சாகத்தில் "ஷி இஸ் ஹேவிங் எ பேக்" என்பார்கள், அதை இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டும். இதெல்லாம் சில வகுப்புகளில் சரியாகிவிடுகிற சங்கதி.

போட்டோவைப் பற்றிப் பேச இன்னொரு சொல்தொகுதி உண்டு. அதைப் பரீட்சை கண்டுகொள்வதே இல்லை. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் பையன் ஒருவன் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். திரையில் கடற்கரைப் படம். மற்றவர்கள் குழந்தை, பந்து, அலை என்று எண்ணிக்கொண்டிருக்க, இவன் மட்டும் வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது, முகம் இருட்டடித்துவிட்டது, ஃபில் ஃபிளாஷ் போட்டிருக்க வேண்டும், மேலே வானத்தைக் கொஞ்சம் கிராப் பண்ணியிருக்கலாம் என்று உடைந்த ஆங்கிலத்தில் அடுக்கினான். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்தது. அன்றைக்கு அந்த போட்டோவை ஒரு போட்டோவாகப் பார்த்த ஒரே ஆள் அவன்தான். ஆனால் தேர்வைப் பொறுத்தவரை போட்டோ என்பது ஒரு ஜன்னல். வெளியே என்ன தெரிகிறது என்றுதான் கேட்பார்களே தவிர, கண்ணாடியின் தரத்தைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. அவனிடம் 'கேண்டிட்' என்றால் என்ன என்று கேட்டேன். "அது தனி பேக்கேஜ் சார்" என்றான். மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிற்க வைத்து, "கேமராவப் பாக்காதீங்க, அந்தப் பக்கம் பாத்து தானா சிரிக்கிற மாதிரி சிரிங்க" என்று சொல்லி எடுப்பது. சரி, அது வேறு கதை.

என்னை அரித்துக்கொண்டிருப்பது மூன்றாவது வகைச் சொற்கள். ஊகத்துக்கான சொற்கள். கேம்பிரிட்ஜ் தேர்வின் படிகளைக் கவனித்தால் இது புரியும். பி1 நிலையில் ஒரு வண்ணப்படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்கிறார்கள். பி2வில் இரண்டு படம். ஒப்பிட்டுவிட்டு, இவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்பது போன்ற ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சி1இல் மூன்று படத்தில் இரண்டை எடுத்துக்கொண்டு, அவர்கள் மனதில் என்ன ஓடக்கூடும், அடுத்து என்ன நடக்கக்கூடும் என்கிற அளவுக்குப் போகிறது. மேலே ஏற ஏறக் கண்ணுக்குத் தெரிவதற்கு மதிப்புக் குறைந்து, தெரியாததைச் சொல்வதற்கு மதிப்புக் கூடுகிறது. அதனால் பயிற்சி மையங்களில் 'மைட் பி', 'சீம்ஸ் டு பி', 'லுக்ஸ் ஆஸ் இஃப்' எல்லாம் சோற்றில் நெய் விடுவது போலத் தாராளமாக ஊற்றப்படுகின்றன. கூடவே ஒரு டெம்ப்ளேட்: "திஸ் பிக்சர் டிபிக்ட்ஸ் எ பியூட்டிஃபுல் சீன்" என்று ஆரம்பித்து, நடுவில் "இட் சீம்ஸ் தட் தே ஆர் என்ஜாயிங் தெயர் பிரெஷியஸ் டைம்", கடைசியில் "ஓவரால், இட் இஸ் எ மெமரபிள் மொமென்ட்". ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கும் படத்துக்கு இதை அப்படியே ஒப்பித்த மாணவரை நான் கேட்டிருக்கிறேன். 'இட் சீம்ஸ்' என்று போட்டுவிட்டதால் இலக்கணப்படி அவர் வாக்கியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"ஹி இஸ் லையிங் டவுன்"

தேர்வுக்கு வரும் படங்கள் பெரும்பாலும் பளிச்சென்று, யாரையும் நோகடிக்காத படங்கள். சிரிக்கும் குடும்பம், சமையலறை, நாயோடு நடக்கும் ஆள். ஒரு மாறுதலுக்காக நண்பர் ஒருவர் எடுத்த படத்தை வகுப்பில் போட்டேன். சாத்தியிருக்கும் ஒரு கடையின் படிக்கட்டு மேடையில் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். முகத்தை மூடி ஒரு துண்டு. தலைமாட்டில் ஒரு தூக்குவாளி. கீழ்ப்படியில் செருப்பு ஜோடியாக இருக்கிறது. வெயில் மேடையின் விளிம்பு வரைக்கும் வந்து நிற்கிறது.

முதல் மாணவர் யோசிக்கவே இல்லை. "ஹி இஸ் எ டிரங்கர்ட்." வகுப்பு சிரித்தது. இரண்டாமவர் 'பெக்கர்' என்றார். மூன்றாவது ஆள் கொஞ்சம் படித்தவர். 'ஹோம்லெஸ்' என்று நாகரிகமாகச் சொல்லி, கூடவே வறுமை, அரசாங்கத்தின் பொறுப்பு என்று ஒன்றரை நிமிடத்தையும் நிறைத்துவிட்டார். மார்க் என்று பார்த்தால் அவர்தான் முதல். அப்புறம் லால்குடிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் முறை. அதிகம் பேசாதவள். "எ மேன் இஸ் லையிங் டவுன். தேர் இஸ் எ டவல் ஆன் ஹிஸ் ஃபேஸ்" என்றாள். நிறுத்திவிட்டாள். இன்னும் நேரம் இருக்கிறதே என்றேன்.

"அவ்வளவுதான் சார் தெரியுது. மத்ததெல்லாம் நாமளா சொல்றது."

"தூங்குறார்னாவது சொல்லலாம்ல?"

"மூஞ்சி மூடியிருக்கே சார்."

மறுபடியும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஸ்லீப்பிங்' என்பதற்கும் 'லையிங் டவுன்' என்பதற்கும் நடுவே இருக்கிற இடைவெளியை அவளாகவே பிடித்திருந்தாள். எந்தப் புத்தகத்திலும் அதை மாணவர்களுக்குப் பிரித்துச் சொல்லி நான் பார்த்ததில்லை. அதே சமயம், இரண்டு வாக்கியத்தோடு நிறுத்தினால் தேர்வில் பேச்சைத் திருத்தும் மென்பொருள் அவளுக்கு என்ன மதிப்பெண் போடும் என்பதும் எனக்குத் தெரியும். அது பேச்சைத்தான் அளக்கிறது. பேசாமல் விட்டதற்கு அதனிடம் மதிப்பெண் கிடையாது.

மார்பளவுத் தண்ணீர்

அன்றிலிருந்து எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எடுத்த இரண்டு படங்கள். ஆகஸ்ட் 29இல் கத்ரினா புயல் கரையைக் கடந்தது, வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரம் மூழ்கியது. மறுநாள் யாஹூ செய்திப் பக்கத்தில் இரண்டு செய்தி ஏஜென்சிகளின் படங்கள் வந்தன. ஒன்று அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) எடுத்தது: ஒரு கறுப்பின இளைஞர் தண்ணீரில் குளிர்பானப் பெட்டியோடு போகிறார். இன்னொன்று ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் வழியாக வந்த, 'கெட்டி இமேஜஸ்' நிறுவனத்தின் படம்: வெள்ளைத் தோல் கொண்ட ஓர் ஆணும் பெண்ணும் அதேபோலத் தண்ணீரில் பொருள்களோடு போகிறார்கள். முதல் படத்தின் குறிப்பு, மளிகைக் கடையைச் சூறையாடிவிட்டு அவர் போவதாகச் சொன்னது. இரண்டாவது குறிப்பில் அவர்கள் கடையிலிருந்து ரொட்டியும் குளிர்பானமும் 'கண்டெடுத்து'ப் போகிறார்கள். ஓரிடத்தில் 'லூட்டிங்', இன்னோரிடத்தில் 'ஃபைண்டிங்'. யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரப்ப, அமெரிக்கா முழுக்கப் பெரிய சண்டையாகிவிட்டது.

அந்தச் சண்டையின் நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததே. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் குறிப்புகளின் அமைப்பை. இரண்டிலும் தண்ணீர் 'செஸ்ட்-டீப்'. மார்பளவு. ஊர் ஒன்றுதான். கையில் பொருள் இருக்கிறது என்பதும் ஒன்றுதான். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒவ்வொன்றிலும் குறிப்பு எழுதிய இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள். நம் பரீட்சைக்கு வைத்தால் இரண்டு குறிப்புமே பாஸ். பிரிவது ஒரே ஒரு வினைச்சொல்லில். அந்த வினைச்சொல் குறிக்கும் செயலோ இரண்டு படத்திலுமே இல்லை. கடைக்குள் நுழைந்ததும் எடுத்ததும் சட்டகத்துக்கு வெளியே, ஷட்டர் விழுவதற்கு முன்னால் நடந்து முடிந்தவை.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? ஏ.பி. தரப்பின் விளக்கம், அவர் கடைக்குள் போனதையும் பொருளோடு வெளியே வந்ததையும் தங்கள் போட்டோகிராபர் பார்த்தார் என்பது. மற்ற படத்தை எடுத்தவரின் விளக்கம், கடையின் பொருள்கள் தண்ணீரில் மிதந்து வெளியே வந்துகொண்டிருந்தன, அவற்றைத்தான் இவர்கள் எடுத்தார்கள் என்பது. இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் இருவரையும் நம்பத் தயார். அப்படி நம்பினாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. எதைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைப் போட்டோம் என்பதை இரண்டு பேருமே படத்தோடு சேர்த்து எழுதவில்லை. 'கடைக்குள்ளிருந்து எடுத்து வந்ததைப் பார்த்தேன்', 'மிதந்து வந்ததை எடுத்ததைப் பார்த்தேன்' என்று ஒரு வரி இருந்திருந்தால் படிக்கிறவர் இரண்டையும் தானே எடைபோட்டிருப்பார். அந்த வரி இல்லாததால் படிப்பவருக்குக் கிடைத்த ஒரே சாட்சி தோலின் நிறம்.

அங்கிருந்து ஏறக்குறைய எழுபது வருடம் முன்னால் போனால் இன்னொரு பிரபலமான படம். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் டோரதியா லாங்கே எடுத்தது. கன்னத்தில் கை வைத்தபடி ஒரு தாய், தோளில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள், மடியில் ஒரு சிசு. அரசாங்க நிறுவனத்துக்காக எடுத்த படம். பட்டாணி பறிக்கும் கூலிகள், கையில் ஒன்றுமில்லாதவர்கள், ஏழு குழந்தைகளின் தாய், வயது 32 என்று குறிப்பு சொன்னது. லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. பின்னாளில் 1960இல் எழுதியபோது, சாப்பாட்டுக்காகக் கார் டயர்களை அப்போதுதான் விற்றிருந்தார்கள் என்றும் எழுதினார். அந்தப் பெண் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அவர்கள் வேறு ஊருக்கு வேலை தேடிப் போகிற வழியில் கார் பழுதாகி அந்த முகாமில் நின்றவர்கள். டயர் விற்ற கதையை அவர் மகனே மறுத்தார்: விற்பதற்குத் தங்களிடம் கூடுதல் டயரே கிடையாது, இருந்ததெல்லாம் காரில்தான் மாட்டியிருந்தது, அதில்தான் கிளம்பிப் போனோம் என்று. லாங்கே பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு யாரோ சொன்ன கதை இந்த முகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த முகம் அப்படிப்பட்டது, என்ன கதை சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும். டயர் படத்தில் எங்குமே இல்லை என்பதால் சரிபார்க்கவும் வழியில்லை.

மே பி

இந்த விஷயத்தில் இயந்திரங்கள் மனிதர்களைவிட அடக்கமாகத் தொடங்கின என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 2016 ஏப்ரலில் ஃபேஸ்புக், பார்வையற்றவர்களுக்காகப் படங்களைத் தானாகவே விவரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அப்போது அதற்குத் தெரிந்தது ஏறக்குறைய 100 பொருள்கள். 2021இல் அதை 1,200க்கு மேல் ஆக்கினார்கள். கண் தெரிகிற நமக்கு இது தெரியவந்தது 2019 ஜூலையில் ஒரு நாள் படங்கள் எல்லாம் திறக்காமல் போனபோதுதான். படத்துக்குப் பதிலாக அந்த எழுத்துகள் தெரிந்தன: "இமேஜ் மே கன்டெய்ன்: டூ பீப்பிள், பீப்பிள் ஸ்மைலிங், அவுட்டோர்". பின்னால் அது "மே பி ஆன் இமேஜ் ஆஃப்" என்று மாறியது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'மே'. சிரிக்கிறார்கள் என்று சொல்லும், மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று சொல்லாது. லால்குடிப் பெண்ணுக்கு அது ரொம்பப் பிடித்துப்போகும்.

ஆனால் அந்த 'மே' என்னைத் திருப்திப்படுத்தவில்லை. எல்லா வாக்கியத்துக்கும் முன்னால் ஒன்றைக் கட்டிவிட்டால் அது எதையும் சொல்வதில்லை, டெம்ப்ளேட்டின் 'இட் சீம்ஸ்' போலத்தான். 'மைட்', 'மஸ்ட்', 'கான்ட்' மூன்றும் ஒரே எடை இல்லை. எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதை வைத்துத்தான் எடை. தரை நனைந்திருக்கிறது, நாலு பேர் கையில் ஈரக்குடை என்றால் 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்' என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரு பெரியவரும் ஒரு சிறுமியும் கை பிடித்து நடந்தால் தாத்தாவும் பேத்தியும் என்பதற்கு 'மைட்' போதும். காரணத்தைச் சொல்லாமல் ஊகத்தை மட்டும் சொல்லப் பழக்குவதுதான் நம் வகுப்புகளில் நடக்கிறது.

அடுத்த வகுப்பில் அவளை உட்காரவைத்துத் தமிழிலேயே கேட்டேன். ஆங்கிலம் கிடக்கட்டும், அவர் யாராக இருப்பார்னு நீ நினைக்கிற?

"வேலைக்கு நடுவுல சாப்ட்டுப் படுத்திருப்பாரு சார்."

"எத வெச்சுச் சொல்ற?"

"தூக்குவாளி இருக்கு. செருப்ப ஒழுங்காக் கழட்டி வெச்சிருக்காரு, குடிச்சவரு அப்படிக் கழட்ட மாட்டாரு. வெயிலு அங்க வரைக்கும் வந்திருக்கு, மதியமா இருக்கும்."

அவளிடம் ஊகம் இல்லாமல் இல்லை. காரணத்தோடு சொல்ல இடம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதையே ஆங்கிலத்தில் போட்டோம். செருப்பு நேராக வைக்கப்பட்டிருக்கிறது, அதனால் அவர் குடித்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தலைமாட்டில் சாப்பாட்டுப் பாத்திரம் இருக்கிறது, ஒருவேளை வேலைக்கு இடையே ஓய்வெடுக்கிறாரோ என்னவோ. வெளிச்சத்தைப் பார்த்தால் மதியம் போலிருக்கிறது, ஆனால் முகம் மூடியிருப்பதால் தூங்குகிறாரா என்று தெரியவில்லை. 'ஜட்ஜிங் பை தி லைட்', 'ஐ கான்ட் டெல் இஃப்' என்ற இரண்டு தொடர்கள் மட்டும் புதிதாகத் தேவைப்பட்டன. அவள் முடித்தபோது ஒன்றரை நிமிடத்தில் கொஞ்சம்தான் பாக்கி. 'ஐ கான்ட் டெல்' என்பதைத் தேர்வில் சொல்லலாமா, மார்க் குறைந்துவிடாதா என்று மட்டும் சந்தேகப்பட்டாள். தாராளமாகச் சொல்லலாம். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை அது.

மையத்தில் என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. பயந்து நடுங்கும் பிள்ளைக்கு 20 விநாடியில் காரணகாரியம் தேடச் சொல்வதைவிட, கையில் நாலு வாக்கியம் கொடுத்து அனுப்புவதுதான் கருணை என்பார். அதில் உண்மை இல்லாமலில்லை. திரையின் முன்னால் வாயடைத்துப் போன பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன்; மனப்பாடம் செய்த முதல் வாக்கியம் அவர்கள் நாக்கை அவிழ்த்துவிடுகிறது. முதல் வாக்கியம்வரை நான் ஒத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் மாட்டேன். "திஸ் பிக்சர் டிபிக்ட்ஸ்" எதற்கு? படம் என்று கேட்பவருக்குத் தெரியாதா? பார்வையற்றவர்களுக்கான பட விவரணை எழுதச் சொல்லிக் கொடுக்கும் கையேடுகள்கூட 'இமேஜ் ஆஃப்' என்று ஆரம்பிக்காதே என்கின்றன, அதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடுகிறது. இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். போன பேட்ச்சில் அவருடைய பிள்ளைகள் கேட்ட ஸ்கோரை வாங்கிவிட்டார்கள், அதனால் அவர் சிரிக்கலாம். "உன் லால்குடிப் பொண்ணு எவ்வளவு எடுத்துச்சு?" என்று நேற்றுகூடக் கேட்டார். அவளுக்கு அடுத்த மாதம்தான் தேர்வு.